சுவரில் வரைந்த மரமும் அதன் எதிரே நின்ற மரமும்

நகரச் சுவர்களில் பறவைகளையும் காடுகளையும் கூட்டாக வரையும் முயற்சிகளை நான் மதிக்கிறேன். இரண்டு முறை தூரிகை பிடித்துப் பங்கெடுத்தும் இருக்கிறேன். ஆனால் இரண்டாம் முறை நாங்கள் வரைந்து முடித்த பறவைகளில் ஒன்றுகூட அந்தத் தெருவுக்கு வருவதில்லை என்பதும், சுவருக்கு நேர் எதிரே நின்ற மரத்தின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பதும் மறுநாள்தான் எனக்கு உறைத்தது. நகரத்து இயற்கையோடு மக்களைச் சேர்த்து வைப்பதாகச் சொல்லும் கலை, அவர்களுடைய கண்ணைப் படத்தில் நிறுத்திவிடலாமா, அல்லது படத்திலிருந்து எதிரே நிற்கும் மரத்துக்குத் திருப்ப வேண்டுமா என்ற கேள்வி அன்று தொடங்கியது. மரத்துக்குத் திருப்பாத கலை பாதி வேலையோடு நின்றுவிடுகிறது என்பதே என் கருத்து.

கண்ணைத் திருப்புவதற்குப் பெரிய செலவோ ஓவியத் தேர்ச்சியோ வேண்டியதில்லை. பிரான்சில் பொது இடங்களில் உள்ளாட்சிகள் வேதிக் களைக்கொல்லி தெளிப்பதற்கு 2017 ஜனவரி முதல் கட்டுப்பாடு வந்தபின், நடைபாதை இடுக்குகளில் செடிகள் தலைகாட்டத் தொடங்கின. துலூஸ் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தாவரவியலாளர் பொரிஸ் ப்ரெசெக், தெருத்தெருவாக நடந்து, அச்செடிகளின் பக்கத்தில் அவற்றின் பெயர்களைச் சாக்கட்டியால் எழுதிக்கொண்டே போனார். அவர் எழுதுவதைக் காட்டும் காணொளி பல லட்சம் பேரைச் சென்றடைந்தது. பிற நாடுகளிலும் பலர் சாக்கட்டியோடு தெருவில் இறங்கினார்கள். ஒரு செடியின் பெயரை எழுத வேண்டுமானால் குனிய வேண்டும். இலையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். இதழ்களை எண்ண வேண்டும். ஐயம் தீரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அவ்வழியே கடந்து போகிறவரோ, நேற்றுவரை வெறும் களை என்று மிதித்துப் போனதற்கு ஒரு பெயர் இருப்பதைக் கண்டு காலைச் சற்றுத் தள்ளி வைக்கிறார். கண்முன் இருக்கும் தாவரங்களைக் கவனிக்காமலே கடந்துவிடும் இந்த மனப்போக்குக்கு அமெரிக்க உயிரியல் கல்வியாளர்கள் வாண்டர்சியும் ஷுஸ்லரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தனிப் பெயரே சூட்டியிருந்தார்கள். அதற்கு மருந்து பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை, தெருவிலும் இருக்கிறது என்பதைச் சாக்கட்டி காட்டிவிட்டது.

இதைவிட ஆழமாக என்னைப் பாதித்தது ஜெர்மனியின் காசெல் நகரில் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982-இல் தொடங்கிய '7000 ஓக் மரங்கள்' என்னும் பணி. அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் முன்னால் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையால் ஆன 7000 கல்தூண்கள் குவிக்கப்பட்டன. நகரில் எங்கேனும் ஒரு மரம் நடப்பட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து, அம்மரத்தின் அருகில் நாட்டலாம் என்பது விதி. எனவே இன்னும் எத்தனை மரம் நடவில்லை என்பதை அந்தக் குவியலே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மறைக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது. எங்கெங்கே நடலாம் என்பதைக் குடியிருப்பாளர்களும் பள்ளிகளும் எடுத்துச் சொன்னார்கள். பாய்ஸ் 1986-இல் இறந்துவிட்டார். கடைசி மரத்தை 1987-இல் அவருடைய மகன் நட்டார். நடும்போது மரக்கன்றைவிடக் கல்லே எடுப்பாகத் தெரிந்திருக்கும். இன்று மரங்கள் ஓங்கி வளர்ந்து நிற்க, கல் மட்டும் அன்றிருந்த அளவிலேயே அவற்றின் காலடியில் நிற்கிறது. கலைஞர் இறந்த பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும் இந்தக் கலையில், தண்ணீர் ஊற்றியவரும் கிளை கழித்தவரும் பட்டுப்போன மரத்துக்கு மாற்று நட்டவரும் பங்காளிகளே.

அதே 1982-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், உலக வர்த்தக மையத்தின் அருகில் மண்ணும் இடிபாடும் கொட்டி நிரப்பிய நிலத்தில், கலைஞர் ஆக்னஸ் டெனெஸ் இரண்டு ஏக்கரில் கோதுமை விளைவித்து அறுவடை செய்தார். இன்று அந்த வயல் இல்லை, கட்டடங்கள் இருக்கின்றன. அது நிற்கவில்லை என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அங்கும் கைகள் மண்ணைத் தொட்டன. எனினும் ஓர் ஊருக்கு எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் காசெலின் பக்கமே நிற்பேன்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தீங்கு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். விழிப்புணர்வுக்காக மரத்தின் அடிமரத்திலேயே எண்ணெய் வண்ணம் பூசிப் படம் வரைகிறார்கள். பெயர்ப் பலகையை ஆணியடித்து மாட்டுகிறார்கள். மரப்பட்டையில் உள்ள பட்டைத்துளைகள் வழியாகத்தான் உள்ளேயிருக்கும் திசுக்களுக்குக் காற்று போய்வருகிறது. கெட்டியான வண்ணப்பூச்சு அவற்றை அடைக்கக்கூடும். ஆணி துளைத்த இடம் பூஞ்சைக்கு வாசலாகலாம். மரத்தை நேசிக்கச் சொல்லும் படத்துக்கு அந்த மரமே விலை கொடுக்கக் கூடாது. பெயரைத் தரையில் எழுதலாம், அல்லது பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் மாட்டலாம்.

அடுத்த முறை யாராவது சுவர் ஓவியத்துக்கு அழைத்தால் நான் மறுக்கப் போவதில்லை. வண்ண டப்பாவைத் திறக்கும் முன் ஒரு மாதம் கொடுங்கள் என்று மட்டும் கேட்பேன். இங்கிலாந்தில் காமன் கிரவுண்ட் என்னும் அமைப்பு 1980-களில், ஊர் மக்கள் தாங்கள் மதிப்பவற்றைத் தாங்களே குறித்து வரையும் வட்டார வரைபடங்களை ஊக்குவித்தது. எந்த ஓடை, எந்த மரம், எந்தப் பறவை தங்களுக்கு முக்கியம் என்பதை நிபுணர் அல்லாமல் அங்கு வாழ்பவர்களே முடிவு செய்தார்கள். அதுபோல அந்த மாதத்தில் தெருவின் குழந்தைகளும் முதியவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் சேர்ந்து, காலையிலும் மாலையிலும் நடந்து, அங்கே உண்மையில் எவை வாழ்கின்றன என்று பட்டியலிடட்டும். துப்புரவுப் பணியாளரைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனெனில் எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது என்பது தெருவில் அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பட்டியலில் இருப்பவற்றையே சுவரில் வரைவோம். வண்ணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, எதிரே நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றிப் பூசிய சிமெண்டை உடைத்து, வேருக்கு நீர் இறங்க வழி செய்வோம்.

அதற்கு முன்பாக, அந்த மரத்தின் பெயரை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வேலையை நான் இந்த வாரமே செய்யப் போகிறேன்.