கட்டம் போட்டது எழுத்துரு இல்லை, சாமிகளா

ஞாயிற்றுக்கிழமை நீலகிரி கூடலூரில் கணினி வகுப்புக் கையேடு கொடுத்த விழாவில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாச்சு. குழுவில் போட்டோவும் சுற்றியாச்சு. கையேட்டின் பக்கம் முழுக்கக் காலிக் கட்டங்கள், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே "இலவசத்தை நம்பினா இதுதான் கதி" என்று ஒரு வரி. அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அவர்கள் திட்டுவது, கீபோர்டு விசைகளைக் குறியாகக் காட்ட நான் செய்து சும்மா கொடுத்த எழுத்துருவை (ஃபான்ட்). சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே எழுத்துருவை என்னிடம் கேட்டு வாங்கிப் போனவர்கள். சரி, இருக்கட்டும்.

கட்டத்தைப் போட்டது அந்த எழுத்துரு இல்லை. நான் கொடுத்தது பி.டி.எஃப். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்திருந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் கன்ட்ரோல் விசை கன்ட்ரோல் விசையாகத்தான் தெரியும். அச்சகத்தில் அதிலிருந்து வரிகளை மட்டும் உருவி, வேறொரு மென்பொருளில் ஒட்டி, மொத்தத்தையும் செலக்ட் பண்ணித் தங்களுக்குப் பிடித்த எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய எழுத்துருவில் அந்தக் குறிகளுக்கு உருவம் கிடையாது. உருவம் இல்லாவிட்டால் கட்டம்தான் வரும், வேறென்ன வரும்? அச்சகத்துத் தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை. அவசரம், அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். ஒரு புரூஃப் காட்டியிருந்தால் நான் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். காட்டவில்லை. விழா தேதி முக்கியம், பொன்னாடை முக்கியம்.

"ஒரு கீபோர்டு கையேட்டுக்கு எதுக்குய்யா தனி எழுத்துரு, கன்ட்ரோல் பிளஸ் பி-ன்னு அடிச்சாப் போதாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். மரியாதையாகவே பதில் சொல்கிறேன். பந்தலூர் பக்கம் வகுப்புக்கு வரும் ஒரு அக்கா, காலையில் கொழுந்து பறித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வருவார். விரல் நுனியெல்லாம் இலைக்கறை. பழைய கையேட்டில் நீங்கள் சொன்ன மாதிரியேதான் அச்சடித்திருந்தது. கன்ட்ரோலை அழுத்தினார். அடுத்து "தம்பி, கூட்டல் எங்க இருக்கு?" என்று தேடினார். கண்டுபிடித்து அதையும் அழுத்தினார். பிரவுசரில் கன்ட்ரோலோடு கூட்டலை அழுத்தினால் பக்கம் பெரிதாகும். ஆனது. இன்னொரு தடவை அழுத்தினார், இன்னும் பெரிதானது. ரேஷன் கார்டு விண்ணப்பம் திரையை விட்டே வெளியே போய்விட்டது. மிஷினைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரை விசைப்பலகையில் கை வைக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

புத்தகத்தில் எழுதியிருந்ததை அப்படியே செய்த ஒரு மனுஷி பயந்துபோனார். அதனால்தான் ஐயா தனி எழுத்துரு. விசை எது, வெறும் எழுத்து எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

இதை நான் கண்டுபிடித்ததாகவும் சொல்லவில்லை. பிலிப் போல் 2003இல் தொடங்கிய லிபர்டைன் எழுத்துருத் திட்டத்திலேயே பயோலினம் கீபோர்டு என்று ஒன்று இருக்கிறது. எஸ்கேப், ஷிஃப்ட், என்டர் எல்லாம் விசை வடிவத்திலேயே வரும், வரிக்குள் எழுத்தோடு எழுத்தாக உட்காரும். திறந்த எழுத்துரு உரிமம் என்பதால் யாரும் எடுத்து மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். நான் அந்த வழியில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையின் விசைகளைச் சேர்த்தேன், அவ்வளவுதான். எச் விசையில் க, ஜே விசையில் ப, எஃப் விசையில் புள்ளி. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் ஒவ்வொன்றாக வரைந்தது. ஆடிக் காற்றில் கரண்ட் போய்ச் சேமிக்காத வேலை போன கதையெல்லாம் இப்போது வேண்டாம்.

"யூனிகோடிலேயே குறிகள் இருக்கே" என்று ஒருவர். எல்லா மொழி எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம் அது. இருக்கு. மவுஸ், பழைய கணினி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் 2014இல் சேர்ந்தன. ஆன் ஆஃப் பட்டனில் இருக்கும் குறி வரவே 2016 ஆனது. விண்டோஸ் விசை? நிறுவன லோகோக்களை யூனிகோடு சேர்ப்பதில்லை. க போட்ட விசை? அதுவும் கிடையாது. இந்த மாதிரித் தேவைக்குத்தான் தனிப் பயன்பாட்டுக்கென்று 6,400க்கும் மேற்பட்ட இடங்களைக் காலியாக விட்டிருக்கிறார்கள், நானும் அங்கேதான் வைத்தேன். எழுத்துருவை மாற்றினால் அந்தக் குறி போய்விடும் என்பது உண்மைதான். மாற்றாதீர்கள் என்று மெயிலில் எழுதியிருந்தேனே, அதைப் படித்தீர்களா?

"ஸ்கிரீன்ஷாட் போடலாமே." ஜெராக்ஸில் எடுத்துப் பாருங்கள், கரிதான் மிஞ்சும். "எல்லாம் போன்ல வந்தாச்சு, கீபோர்டு எதுக்கு?" இதற்கெல்லாம் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

எனக்கு வலிப்பது அந்த "இலவசம்" என்ற ஏச்சுத்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, கண்டபடி ஆங்கில எழுத்தாகத் தெரிந்து, தலையில் அடித்துக்கொள்ளாத தமிழன் இருக்கிறானா? அப்போது யாரும் பாமினியைத் திட்டவில்லை, "எழுத்துருவை அனுப்புங்க" என்றுதான் கேட்டோம். மைக்ரோசாஃப்ட்டின் குறி எழுத்துருவான விங்டிங்ஸில் 8 அடித்தால் மவுஸ் வரும், எழுத்துரு மாறினால் அந்த இடத்தில் வெறும் 8 நிற்கும். அதற்காக மைக்ரோசாஃப்ட்டை யாராவது சிவப்பு வட்டம் போட்டுக் கேட்டோமா? காசு கொடுத்து வாங்கும் எழுத்துருக்களில் சிலவற்றில், ஆவணத்துக்குள் பதிக்கக் கூடாது என்று கோப்பிலேயே தடை வைத்திருப்பார்கள். இதில் அந்தத் தடையே கிடையாது, தாராளமாகப் பதிக்கலாம். அதைத்தான் நீங்கள் பிய்த்து வெளியே போட்டீர்கள்.

இலவசம் கேவலம் என்றால் அந்த வகுப்பறையில் எது மிச்சம்? கணினிகள் மலைக்குக் கீழே சமவெளியில் கழித்துப்போட்டவை, ஓசியில் வந்தவை. அதில் ஓடுவது இலவச லினக்ஸ், கற்றுக்கொடுப்பது இலவச லிபர் ஆபிஸ், கையேடும் சும்மா கொடுப்பதுதான். கற்றுக்கொடுக்கிற நாங்களும் சும்மாதான் போகிறோம். பழைய கணினி கொடுத்தவருக்கு மேடையில் நாற்காலி, பேனரில் படம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று யாருடைய மனசிலோ இருக்கிறது. கட்டம் கட்டமாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு போவார்கள், கேட்கவா போகிறார்கள் என்ற நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை அப்படியேதான் கொடுத்தும் அனுப்பினீர்கள்! ஒருவருக்காவது "மன்னிச்சுக்கோங்க, அச்சுல தப்பு" என்று சொல்லத் தோன்றவில்லை. எழுத்துருவைத் திட்டத் தோன்றியது.

நான் சண்டைக்கு வரவில்லை. மறுஅச்சுக்குப் பணம் இல்லை என்றால் தப்பான பக்கங்களுக்கு மட்டும் ஒட்டுத்தாள் அடித்துத் தருகிறேன், செலவு என்னுடையது. ஆனால் அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள். எடுக்க மனசில்லை என்றால் "அச்சுப் பிழை" என்று ஒரு வரியாவது கீழே சேருங்கள்.

சரியான கையேடு வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், பி.டி.எஃப். அனுப்புகிறேன். அப்படியே அச்சடியுங்கள். தயவுசெய்து அழகுபடுத்த வேண்டாம்.