ஒரிஜினல் திரையைத் தூக்கி எறியாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டார்: "அண்ணே, என்கிட்ட பழைய கேம் பாய் அட்வான்ஸ் ஒண்ணு இருக்கு. நல்லா ஓடுது, திரை மட்டும் மங்கல். கடையில குடுத்து ஐபிஎஸ் போட்டுடலாமா?" (கேம் பாய் என்பது கையில் வைத்து வீடியோ கேம் ஆடும் நிண்டெண்டோ பெட்டி, அட்வான்ஸ் அதன் பிந்தைய மாடல். ஐபிஎஸ் என்பது அதில் பழைய திரைக்குப் பதிலாகப் போடும், பின்விளக்கு உள்ள புதுத் திரை.) இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பழையபடி ஆக்கவே முடியாத மாதிரி மாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது 1989 மாடல் கேம் பாய், சாம்பல் நிறத்தில் செங்கல் மாதிரி இருக்குமே, அது. மாமா அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தார். அண்ணன் தூங்கிய பிறகு அம்மா எடுத்து, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் ஆடுவார். ஒரு தைப்பூசத்தன்று காவடி பார்க்கப் போன அவசரத்தில் அண்ணன் அதைக் காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டான். நம் டர்பனில் தைப்பூசம் என்றால் உச்சக் கோடை, சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் திரை நடுவில் தீய்ந்த தோசை மாதிரி ஒரு கருங்கறை. அண்ணன் அழுதான். பெட்டி அலமாரி மேலே போனது, இருபது வருஷம் அங்கேயே கிடந்தது.

கெட்டது திரையே இல்லை, அதன்மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் படலம் (ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் மெல்லிய தாள்) மட்டும்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிளேடு நுனியால் ஓரத்தைக் கிளப்பி மெல்ல உரித்தேன். படலம் கையோடு வந்ததும் படம் மொத்தமும் மறைந்துவிட்டது. சுவிட்ச் ஆனில் இருக்கிறது, பாட்டு ஓடுகிறது, கட்டை விழும் சத்தம் கேட்கிறது, கண்ணாடியில் மட்டும் ஒன்றும் இல்லை. ஆல்கஹால் தொட்டுப் பழைய பசையைத் துடைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. புதுப் படலத்தை மேலே வைத்தேன், படம் வந்துவிட்டது! குறுக்கே திருப்பி வைத்தால் கருப்பு வெளுப்பாகிறது, வெளுப்பு கருப்பாகிறது. சரியான பக்கம் பார்த்து வெட்டி ஒட்டினேன். இரண்டு நெட்டுக் கோடுகள் விடுபட்டிருந்தன. திரையின் அடியில் ரிப்பன் ஒட்டியிருக்கும் இடத்தில் சால்டரிங் அயர்னை லேசாக இழுத்ததும் அவையும் திரும்பி வந்தன. (படுக்கைக் கோடு போயிருந்தால் இந்த வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது.) புதுத் திரை என்று எதுவும் வாங்கவில்லை. ஒரு துண்டு படலமும் கொஞ்சம் பொறுமையும் போதுமாக இருந்தது.

"ஒரிஜினல் செத்துடுச்சு" என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்பாததற்கு இதுதான் காரணம். பல திரைகள் சாகவில்லை, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

எனக்குப் பழைய கேம் பாய் திரையின் அந்த மங்கல் பச்சை ஏன் முக்கியம்? அந்த விளையாட்டுகளை வரைந்தவர்கள் அந்தத் திரையை வைத்துத்தான் வரைந்தார்கள். 160க்கு 144 புள்ளி, நாலே நாலு சாயல், பின்விளக்கு கிடையாது. புள்ளிகள் மெதுவாகத்தான் மாறும், அசைவது எல்லாம் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். அந்த மெதுவையே சில விளையாட்டுகள் பயன்படுத்திக்கொண்டன. ஒரு உருவத்தை ஒரு ஃபிரேமில் (திரையில் ஒரு கணம் வந்துபோகும் படத்தில்) காட்டி அடுத்த ஃபிரேமில் மறைத்தால், பழைய திரையில் இரண்டும் கலந்து கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். புது ஐபிஎஸ் வேகமானது. அதே உருவம் அதில் வெடவெடவென்று சிமிட்டுகிறது. திரை மாற்றுவதற்கென்று விற்கும் சில கிட்டுகளில் ஃபிரேம்களைக் கலந்து காட்டும் வசதி வருகிறது, ஓரளவு சரிசெய்கிறது. கேம் பாய் அட்வான்ஸில் நிறத்திலும் இதே கதைதான். இருட்டுத் திரைக்கு ஈடுகட்ட வேண்டுமென்று பல விளையாட்டுகளில் நிறங்களை வேண்டுமென்றே பளிச்சென்று வெளிறலாக வைத்தார்கள். பின்விளக்குப் போட்டதும் அவை கண்ணைக் கூசுகின்றன.

எதிர்ப்பக்க நியாயத்தையும் மறைக்க மாட்டேன். 2001-ல் அட்வான்ஸோடு வந்த காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் த மூன் விளையாட்டை அந்த ஒரிஜினல் திரையில் ஆட ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார வேண்டும், அப்போதும் விளையாட்டில் வரும் பாதி அறைகள் இருட்டில்தான். குறை அந்தத் திரையில் இருந்தது என்பதற்கு அதைச் செய்தவர்களே சாட்சி: 2003-ல் அட்வான்ஸின் அடுத்த வடிவமான எஸ்பி மாடலில் முன்விளக்கு வைத்தார்கள், 2005-ல் அந்த எஸ்பியிலேயே ஏஜிஎஸ்-101 என்ற வகையில் பின்விளக்கே வைத்தார்கள். ஐபிஎஸ் கிட் வருவதற்கு முன் அந்த 101 திரையைப் பிடுங்கித்தான் பழைய அட்வான்ஸில் பொருத்தினார்கள். எத்தனை நல்ல எஸ்பிக்கள் அதற்காகக் கூடாகிப் போயின! புது கிட்டுகள் வந்து அந்தப் பிடுங்கலை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. அதற்காக நான் அவற்றுக்கு மனதார நன்றி சொல்வேன். சேகாவின் கைப்பெட்டியான கேம் கியர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகவே சொல்கிறேன்: ஆறு பேட்டரி போட்டு நாலைந்து மணி நேரம் ஓடும் அதில், குழல்விளக்குத் திரையும் மங்கி, கெபாசிட்டரும் கசிந்திருந்தால், தாராளமாக மாற்றுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். ஐந்தாறு வருஷம் முன்பு என் ஊதா அட்வான்ஸை இங்கே ஒரு கடையில் ஐபிஎஸ் போடக் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். திரும்பி வந்தபோது படம் அருமையாக இருந்தது. 720க்கு 480 திரை, பழைய ஒரு புள்ளி ஒன்பது புள்ளியாகத் தெளிந்து நிற்கிறது. வீட்டில் வந்து திறந்தேன். உள்ளே திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் விளிம்பைக் கட்டிங் பிளையரால் கடித்து எடுத்திருந்தார்கள். ஒரு மூலையில் விரிசல். பழைய திரை எங்கே என்று போன் செய்தேன். "அதுவா சார், அதை யாரு கேப்பாங்க, தூக்கிப் போட்டாச்சு." நல்லா ஓடிக்கொண்டிருந்த திரை அது! அந்த மாதிரித் திரையை இப்போது யாரும் செய்வதில்லை. உலகத்தில் இருப்பது அவ்வளவுதான். ஒவ்வொன்றும் குப்பைக்குப் போகும்போது கணக்கில் ஒன்று குறைகிறது.

அதனால் தம்பிக்கு நான் சொல்வது இது. கிட் வாங்கும்போதே ஐபிஎஸ்ஸுக்கு என்றே வார்த்த புதுக் கூடும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் பழைய கூட்டை ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட விடாதீர்கள். கடையில் கொடுக்கும் முன்பே "பழைய திரை எனக்கு வேண்டும்" என்று சொல்லி, பில்லில் எழுதி வாங்குங்கள். ஐபிஎஸ் போட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்பதால் சார்ஜ் இருக்கும்போதே சிவப்பு விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: புதுக் கூடு, புதுத் திரை, புதுப் பொத்தான் போட்டுவிட்டு "ஒரிஜினல் கண்டிஷன்" என்று விளம்பரம் போடுவது ஏமாற்று வேலை. மாற்றியதை மாற்றியது என்று எழுதினால் வாங்குபவன் வாங்கத்தான் போகிறான்.

அந்தச் சாம்பல் கேம் பாய்க்கு வருகிறேன். நான் சரிசெய்து கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா ஆசையாக வாங்கினார். டியூப்லைட் பக்கம் சாய்த்தார், ஜன்னல் பக்கம் சாய்த்தார், பிறகு மடியில் வைத்துவிட்டார். "கட்டை விழுறது தெரியலையே கண்ணு." கண்புரை ஆபரேஷன் ஆகியும் அம்மாவின் பார்வை பழைய மாதிரி இல்லை. என் கொள்கையை அம்மா கண்ணுக்கு மேலே வைக்க என்னால் முடியாது. கிட் வரவழைத்தேன். புதுக் கூட்டில் அந்தக் கேம் பாயின் சர்க்யூட் போர்டைப் பொருத்தி, பின்விளக்குத் திரையைப் போட்டேன். இப்போது தினமும் சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றியபின் சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறார். முந்தாநாள் பத்தாவது லெவல் வரை போயிருக்கிறார்.

பழைய திரையும், அந்தச் சாம்பல் கூடும், ஆறு திருகாணியும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. திரையை மெத்தென்ற துணியில் சுற்றி, ஈரம் வாங்காமல் இருக்க ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டிருக்கிறேன். டிசம்பர் லீவுக்கு அண்ணன் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறான். அவன் வருவதற்கு முதல் நாள் ராத்திரி எல்லாவற்றையும் திருப்பி மாட்டி வைப்பேன்.