இரக்கப்பட்டுப் பாய் வாங்காதீர்கள்

கைவினைப் பொருள் விற்பவர்கள் இப்போதெல்லாம் சரக்கைக் காட்டுவதற்கு முன்பே நம்மை அழவைக்கப் பார்க்கிறார்கள். அழியும் கலையாம், ஏழைக் கைவினைஞராம். அண்மையில் இங்கே சிங்கப்பூரில் ஒரு சந்தையில் கோரைப்பாய் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, எந்த ஊர்ப் பாய் என்று கேட்டேன். "வில்லேஜ்ல செய்றது அக்கா" என்றார் விற்றவர். எந்த வில்லேஜ் என்றால் பதில் இல்லை. விலை மட்டும் அட்டையில் பளிச்சென்று இருந்தது.

விலையைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் எப்படி நெய்கிறார்கள் என்று பாருங்கள். ஆற்றோரம் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, மெல்லிசாகக் கீறி, காயவைத்து, பிறகு தாமிரபரணியின் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். உப்பி வந்ததும் மறுபடி காயவைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். அப்புறம்தான் தறி. நீளவாக்கில் ஓடும் பருத்தி நூல்தான் பாவு, குறுக்கே போகும் கோரைதான் ஊடை. பாவு எவ்வளவு நெருக்கமோ, பாய் அவ்வளவு நயம். பாவின் நெருக்கத்தைக் கவுண்ட் என்ற கணக்கில் சொல்வார்கள். பட்டுப்பாய் என்ற மிக நயமான ரகம் 100 முதல் 140 கவுண்ட் வரை போகும், நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், துணி மாதிரி மடங்கும். முரட்டுப் பாயில் அதில் பாதிகூட இராது. நெய்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். இந்துக் கல்யாணச் சீரில் போகும் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்து தருவதும் இவர்கள்தான். புவிசார் குறியீடும் வாங்கிய ஊர். இதையெல்லாம் சொல்லி விற்றால் இரக்கத்துக்கு என்ன வேலை?

நம் ஊர் வெக்கைக்குப் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் பாய் வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும், கோரை ஒட்டாது. மதியத் தூக்கத்துக்கு ஏசியே வேண்டாம், மின்விசிறி போதும். (என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அது வேறு கதை.)

"இங்கே பூஞ்சை பிடிக்குமே" என்பார்கள். பிடிக்கும், சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டால். சிங்கப்பூர் ஈரத்தில் காற்றுப் படாத எதுவும் அப்படித்தான். தினமும் விரித்துப் படுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்து, வெயில் வரும் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். டிசம்பர் மழையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்று, இதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறார்கள். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாட்டியவர் வாழ்நாளில் இன்னொரு பாய் வாங்கமாட்டார். படுத்துத் தேய்ப்பவர்தான் திரும்ப வாங்குவார். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் வேண்டும்?

அடுத்த முறை கடையில் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த ஊர், எத்தனை கவுண்ட், பாவு பருத்தியா நைலானா. பாயை மடித்தும் பாருங்கள்.

தேக்கா பக்கம் இதற்கெல்லாம் பதில் சொல்லி விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பொங்கலுக்கு அக்கா மகள் புது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிபோகிறாள், அவளுக்கு ஒன்று வேண்டும்.