டன் கணக்கை நம்பி மோசம் போகாதீர்கள்

முதலாளித்துவமா சோஷலிசமா, எதில் தொழிற்சாலை ஒழுங்காக ஓடும்? இந்தச் சண்டையில் ஆளாளுக்கு எடுத்து வீசுவது மொத்த உற்பத்திக் கணக்கைத்தான். அப்படிப் பார்த்தால் சோவியத் ஒன்றியம் ஜெயித்த கட்சி. 1970களில் எஃகு உற்பத்தியில் அமெரிக்காவையே முந்தியது. ஆனால் ஒரு தொழிலாளியின் ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு வந்தது, அதற்கு எவ்வளவு மூலப்பொருள் கரைந்தது என்று கேட்டால் கதை மாறிவிடும்.

மேலிடம் இலக்கை எடையில் வைத்தால் ஆலையும் எடையைத்தான் தயாரிக்கும். திட்டத்தை நிறைவேற்ற வேண்டி, சரவிளக்குகளின் கனத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள் என்று சோவியத் தலைவர் குருசேவே புலம்பியிருக்கிறார். இந்த ஆண்டு இலக்கைத் தாண்டினால் அடுத்த ஆண்டு இலக்கு ஏறும். அதனால் விவரமான மேலாளர் தன் ஆலையின் முழுத் திறனை வெளியே காட்டவே மாட்டார். ஆட்களையும் உதிரி பாகங்களையும் பதுக்கி வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் விழுந்தடித்து வேலை வாங்குவார். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சோஷலிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் டிராபண்ட் காரைப் பாருங்கள். 26 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பஞ்சுக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்திய பிளாஸ்டிக் உடம்பு. பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்கில் குச்சி விட வேண்டும். அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு! அது தயாரான ட்ஸ்விக்காவ் நகரம்தான் ஆடி கார் பிறந்த ஊரும். ஆக, கை வேலை தெரியாத ஊர் இல்லை. பொறியாளர்கள் புது மாடல் வரைந்துகொண்டுதான் இருந்தார்கள். கட்சித் தலைமை ஓரங்கட்டியது. வாங்குபவர் வரிசையில் நிற்கிறார், நஷ்டம் வந்தால் அரசு தாங்கிக்கொள்ளும், அப்புறம் யாருக்கு அவசரம்? யானோஷ் கோர்னாய் என்ற ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது இந்த நோயைத்தான்.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் இயந்திரங்களை சோவியத் கழற்றிக்கொண்டு போனது. மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்காவின் மார்ஷல் திட்ட நிதியுதவி கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளி முழுவதையும் கொள்கையின் தலையில் கட்ட முடியாது.

சரி, தனியாரிடம் கொடுத்தால் போதுமா? தென்கொரியாவின் போஸ்கோ அரசு எஃகு ஆலை. 1973இல் உற்பத்தி தொடங்கி, உலகின் திறமையான ஆலைகளில் ஒன்றானது, தனியார்மயமானது 2000இல்தான். மறுபக்கம், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, சுத்தமான தனியார் நிறுவனம், 1982இல் இழுத்து மூடப்பட்டது. 1984இல் டொயோட்டா அதனோடு கூட்டுச் சேர்ந்து திறந்தபோது பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். ஆனால் கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வந்தது. சீக்கிரமே ஜெனரல் மோட்டார்ஸின் மிகச் சிறந்த ஆலைகளில் ஒன்றாகிவிட்டது. சொத்து யார் பெயரில் என்பதைவிட, தப்பு நடந்தால் அது யார் காதில் விழுகிறது, யார் கையைச் சுடுகிறது என்பதையே நான் பெரிதாகப் பார்க்கிறேன்.

இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் கிழக்கு ஜெர்மனியின் உற்பத்தித்திறன் விறுவிறுவென ஏறியதைச் சந்தையின் வெற்றியாகக் காட்டுகிறார்கள். பாதி உண்மை. 1990 ஜூலையில் கூலியை ஒன்றுக்கு ஒன்று என மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயத்துக்கு மாற்றியதும், கூலிச் செலவு தாங்காமல் ஆலைகள் வரிசையாக விழுந்தன, லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். உற்பத்தியைத் தொழிலாளர் எண்ணிக்கையால்தானே வகுக்கிறோம், வகுக்கும் எண் சுருங்கினால் ஈவு கூடத்தான் செய்யும். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த மனிதர்கள் எந்த ஆலையின் கணக்கிலும் வருவதில்லை.