தண்ணீர் அடங்கும் வரை

நீர்ப்பரப்பில் அதிவேகமாகப் படகு ஓட்டிய உலகச் சாதனை 1978 அக்டோபர் 8 முதல் முறியடிக்கப்படாமல் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் பிளவரிங் அணையில் கென் வார்பி அன்று எட்டிய வேகம் மணிக்கு 511 கிலோமீட்டர். அதன்பின் முயன்ற லீ டெய்லர் 1980இலும், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989இலும் ஓட்டத்திலேயே உயிரிழந்தார்கள். இதைச் சொன்னால், "உயிரைக் கொடுத்து என்ன வேகம் வேண்டியிருக்கிறது?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இந்த முயற்சியைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாம் வியக்க வேண்டியது வேகத்தை அல்ல என்று நினைக்கிறேன்.

சாதனைக்கான விதி எளியது. குறிப்பிட்ட தூரத்தை ஒரு திசையில் கடந்து, ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் கடக்க வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கு. காற்றின் தயவில் யாரும் வென்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. வாடைக்காற்றில் வடகடலும் (பாக் நீரிணை) தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் தென்கடலும் (மன்னார் வளைகுடா) எப்படிக் குணம் மாறுகின்றன என்று பார்த்து வளர்ந்த பாம்பன்காரனுக்கு இந்த விதியின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த வேகத்தில் படகு நீந்துவதில்லை. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நீரைத் தொட்டபடி பறக்கிறது. காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான நீரில் ஒரு சிற்றலை குறுக்கிட்டாலும் அது கல்லாக மோதும். முன்பகுதி சற்றே உயர்ந்து அடியில் காற்றுப் புகுந்தால் படகையே புரட்டிவிடும்.

இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் 1967 ஜனவரி 4 அன்று, அதுவரை இந்தச் சாதனையை வைத்திருந்த பிரிட்டன்காரர் டொனால்ட் கேம்ப்பெல்லின் உயிரைப் பறித்தது இதுதான். முதல் ஓட்டத்தில் அவருடைய வேகம் சுமார் 479. எரிபொருள் நிரப்பவும், தன் படகு கலக்கிய தண்ணீர் அடங்கவும் நேரம் இருந்தும், அவர் நிற்காமல் உடனே திரும்பினார். 500ஐத் தாண்டிய நிலையில் படகு மேலெழும்பிக் குப்புற விழுந்து சிதறியது. விபத்துக்கு வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ஆனால் அந்த விபத்தின் படச்சுருளைக் கைப்பேசியில் காட்டியபோது, நாற்பது ஆண்டுகள் வல்லத்தில் கடலுக்குப் போன என் சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "போன தண்ணி இன்னும் அடங்கலையே, அதுக்குள்ள ஏன் திருப்புறான்?"

அந்த ஏரியில் இரண்டு மாதங்கள் நல்ல வானிலைக்காகக் காத்துக் கிடந்த மனிதர்தான் அந்தச் சில நிமிடங்கள் காத்திருக்கவில்லை. அவருக்குக் காத்திருக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது என்பதால் அந்த மாதம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அதே மாதத்தின் கடைசி நாளில், மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யுங் ஏரியில், பல நாள் தொல்லை கொடுத்த காற்று ஓய்ந்த சிறு இடைவெளியில் ஓட்டி, மணிக்கு 444 கிலோமீட்டர் என்ற சாதனையைச் செய்தவரும் அவரே.

வார்பியிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமை. சிட்னியில் வீட்டுக் கொல்லையில் மரத்தாலும் பைபராலும் படகைத் தாமே கட்டினார். விமானப் படை கழித்துவிட்ட ஜெட் இயந்திரத்தை நூறு டாலருக்கும் குறைவாக வாங்கிப் பொருத்தினார். வரைபடமில்லாமல் கண்ணளவில் வத்தைப் படகு கட்டும் எங்கள் ஊர் ஆசாரிகளுக்கு அவர் தூரத்து உறவு என்றே தோன்றுகிறது. 1977இல் 464ஐ எட்டி, படகைப் புரிந்துகொண்டு, அடுத்த ஆண்டுதான் 511க்குப் போனார். அவர் 2023இல் காலமானார்; மகன் டேவிட் வார்பி அதே அணையில் புதிய படகை ஓட்டிப் பார்த்து வருகிறார். அவர் அவசரப்படாமல் வெல்லட்டும்.

"கண்ணாடியாகக் கிடக்கும் நம் வடகடலில் ஓட்டினால் என்ன மாமா?" என்று என் மருமகன் கேட்டான். வலையும் நாட்டுப் படகும் கடற்பசு மேயும் கடற்புல்லும் இருக்கும் இடத்தில் ஜெட் படகா என்றேன். அவன் விடவில்லை, "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பேர் வாங்கிய, எங்கள் மாவட்டத்துப் பெரிய ஏரியான ராஜசிங்கமங்கலம் கண்மாய் இருக்கிறதே என்றான். முதலில் அது நிரம்பட்டும் என்றார் சித்தப்பா.