பேஸ்பால் மைதானத்து மண்ணும் மிகைநேரக் கூலியும்

கல்லூரியில் படித்தபோது 2022, 2023 ஆகிய இரண்டு பருவங்கள், அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு சிறிய பேஸ்பால் அரங்கின் மைதானப் பராமரிப்புக் குழுவில் வேலை பார்த்தேன். பேஸ்பாலின் உச்சநிலைத் தொடரான மேஜர் லீக்கின் அணிகள் தங்கள் இளம் வீரர்களைத் தேற்றி எடுப்பதற்காக வைத்திருக்கும் 120 மைனர் லீக் அணிகளில் அதுவும் ஒன்று. அந்தக் குழுவின் தலைவர் இந்த ஆண்டோடு விலகி, மாவட்டப் பூங்காத் துறையில் சேரப்போகிறார் என்ற செய்தி போன வாரம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மைதானத்தின் மண்ணைப் படித்த மனிதர் அவர். பூங்காத் துறையில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு கூலி உண்டு. அரங்கில் அது இல்லை. அவர் போவதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆடுகளத்தைப் பற்றிப் பேசாத வர்ணனையாளர் இல்லை. பேஸ்பாலில் பந்து தரையில் குத்தாமலே மட்டையாளரிடம் வந்துவிடுவதால், மண்ணுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. ஆனால் அடிபட்ட பந்து மணிக்கு 100 மைல் வேகத்தில் உள்களத்து மண்ணில் பட்டு எகிறும்போது, எதிரே குனிந்து நிற்கும் இருபது வயதுப் பையனின் பற்கள் பிழைப்பதும் உடைவதும் அன்று காலையில் யாரோ ஒருவர் பிடித்த தண்ணீரின் அளவைப் பொறுத்தது. மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்த அந்த மண், தண்ணீர் குறைந்தால் ஓடுபோல இறுகிவிடும். கூடினால் காலை வாரிவிடும். எங்கள் தலைவர் தன் கார்ச் சாவியை மண்ணில் குத்தி எடுப்பார். சாவி இதமாக இறங்கி, ஒட்டாமல், பொடி உதிராமல் வெளியே வர வேண்டும். அதுதான் பதம். ஏழு மணி ஆட்டத்துக்கு அந்தப் பதம் வாய்க்க வேண்டுமென்றால் முதல் தண்ணீரைக் காலை ஒன்பது மணிக்கே பிடிக்க வேண்டும், பிறகு வெயிலையும் காற்றையும் பார்த்து மதியம் இரண்டு தடவையாவது பிடிக்க வேண்டும். முதல் பருவம் முழுவதும் என் கையில் அவர் தண்ணீர்க் குழாயைக் கொடுத்ததே இல்லை. அது சரியான முடிவுதான் என்பது அடுத்த பருவத்தில் கொடுத்தபோது புரிந்தது.

பிட்சர் நின்று வீசும் மேடு இன்னும் நுணுக்கமானது. 18 அடி விட்டமுள்ள அந்த வட்டத்தின் உச்சி, மட்டையாளரின் அருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். 1968 வரை 15 அங்குலம் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு பிட்சர்களின் கை அளவுக்கு மீறி ஓங்கிவிட்டதால் 1969 முதல் குறைத்தார்கள். உச்சியில் பதித்த வெள்ளை ரப்பர் பட்டைக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிவு இறங்க வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் பிட்சரின் முன்கால் ஒரே இடத்தில் விழுவதால், ஆட்டம் முடியும்போது அங்கே ஒரு குழி பறிந்திருக்கும். விசிறிகள் கிளம்பிப்போய், விளக்குகள் பாதி அணைந்த பிறகு அந்தக் குழியின் முன் மண்டியிடுவோம். உதிரி மண்ணைத் துடைப்பத்தால் சுத்தமாகக் கூட்டி எடுத்துவிட்டுக் குழிக்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த மண்ணின்மேல் புதுக் களிமண்ணை வைத்தால் அடுத்த நாள் முதல் வீச்சிலேயே வில்லையாகப் பெயர்ந்துவிடும். ஈரம் உள்ளே இழுத்துக்கொண்டதும் பிசைந்த களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் திமிசுக்கட்டையால் இடிப்போம். கட்டையில் மண் ஒட்டாமலிருக்க அடியில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொள்வோம். பிறகு மட்டம் பார்த்து, ஈரம் போகாமல் மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது நள்ளிரவைத் தாண்டியிருக்கும். செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை தொடர்ந்து ஆறு ஆட்டங்கள்; ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் 66 ஆட்டங்கள். ஆட்டம் நடக்கும் வாரத்தில் எங்கள் தலைவர் 80 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்த்து நான் பார்த்ததில்லை.

மழை வந்தால் தார்ப்பாய். 170 அடிக்கு 170 அடி, அரை டன்னுக்கும் மேல் எடை. மைனர் லீக்கில் அதை இழுக்கப் போதுமான ஆட்கள் குழுவில் இருப்பதில்லை என்பதால் டிக்கெட் விற்பவர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களும் சட்டையோடு ஓடிவருவார்கள். காற்று அடியில் புகுந்து தூக்கினால் கையை விட்டுவிட வேண்டும் என்பதுதான் முதல் பாடம். 2022 ஜூலையில் நான் விடவில்லை. ஆளைச் சேர்த்துத் தூக்கிப் போட்டதில் தோள் மூட்டு விலகிவிட்டது. மூன்று வாரம் கூலியும் இல்லை.

இனி, கூலிக்கு வருகிறேன். 1938ஆம் ஆண்டின் கூட்டரசுத் தொழிலாளர் தரநிலைச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேரக் கூலியையும் உறுதிசெய்கிறது. ஆனால் ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத கேளிக்கை, பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு அதே சட்டத்தில் விலக்கும் இருக்கிறது. புளோரிடாவின் சரசோட்டா வைட் சாக்ஸ் என்ற மைனர் லீக் அணிக்கு எதிராக மிகைநேரக் கூலி கேட்டு வழக்குப் போட்டவர் ஒரு மைதானப் பராமரிப்பாளர். 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: தொழிலாளி எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்பதைப் பார்க்க வேண்டியதில்லை, நிறுவனத்தின் பருவம் எத்தனை மாதம் என்பதையே பார்க்க வேண்டும் என்றது. அதே 1995இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மேஜர் லீக் அணியான சின்சினாட்டி ரெட்ஸ் ஆண்டு முழுவதும் ஆட்களை வைத்து நடத்துவதால் அது ஏழு மாதத்துக்கு மேல் இயங்கும் நிறுவனமே என்று தொழிலாளர்கள் பக்கம் நின்றது. இரண்டில் இரண்டாவதுதான் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் ஆட்டத்துக்குத்தான் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை என்று கணக்கு. பெர்முடா புல் குளிரில் பழுத்து உறங்கப்போகும் முன் அக்டோபரில் அதன்மேல் ரை புல் விதையைத் தூவ வேண்டும். பருவம் முழுவதும் உள்களத்திலிருந்து தெறித்த மண் புல் ஓரத்தில் வரப்புபோல ஏறி நிற்பதைக் குளிர்காலத்தில் வெட்டி மட்டப்படுத்த வேண்டும். மேட்டை அடியோடு கொத்தித் திரும்பக் கட்ட வேண்டும். வரப்பை அப்படியே விட்டுவைத்தால் மே மாதத்தில் ஒரு பந்து அதில் பட்டு யாருடைய முகத்திலோ ஏறும். பன்னிரண்டு மாத உழைப்பைச் சட்டம் எப்படி ஆறு மாதத் தொழில் என்று சொல்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எல்லா அணிகளும் இந்த விலக்கைப் பயன்படுத்துவதாக நான் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் பயன்படுத்தினார்கள்.

மைனர் லீக் வீரர்கள் 2022இல் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் கையெழுத்தான முதல் ஒப்பந்தத்தில், மைனர் லீக்கின் நான்கு படிகளில் கீழிருந்து இரண்டாவதான ஹை ஏ நிலை வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 27,300 டாலராக உயர்ந்தது. அந்தச் செய்தி வந்த அன்று வீரர்களைவிட எங்கள் குழுவினர்தான் அதிகம் மகிழ்ந்தோம் என்று சொல்லலாம். சாப்பாட்டுக்குத் திண்டாடிய பையன்களைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் மண்ணில் மண்டியிடுகிறவர்களைத் தொடவில்லை. அரங்குக்கு இரண்டு மூன்று பேர் என்று சிதறிக் கிடக்கும் எங்களால் சங்கம் கட்டுவது எளிதல்ல. அதனால்தான் அந்த விலக்கிலிருந்து மைதானப் பணியாளர்களை நாடாளுமன்றமே நீக்க வேண்டும் என்கிறேன்.

எங்கள் தலைவரின் இடத்துக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் நேற்று வெளியாகியிருக்கிறது. வார இறுதிகளிலும் பின்னிரவிலும் விடுமுறை நாள்களிலும் வேலை பார்க்கச் சம்மதிக்க வேண்டும், 50 பவுண்டு எடை தூக்க வேண்டும், ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். மிகைநேரக் கூலி பற்றி ஒரு வரியும் இல்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ரை புல் விதைப்பை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றார். புதிதாக வருபவருக்கு இந்த மண்ணின் பதம் பிடிபட ஒரு பருவமாவது ஆகுமே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.