நீயே அவன்

நெருங்கின ஒருவரால் காயப்பட்டு வந்து நிற்பவரிடம், சபையில் நாம் முதலில் சொல்வது "மன்னிச்சிடுங்க" என்பதுதான். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன இயேசுவின் வசனம் நாக்கு நுனியிலேயே இருக்கும். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வேதம் அவ்வளவு அவசரப்படுவதாக எனக்குத் தெரியவில்லை.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் 14 வருஷமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்த தோழி அவள். என் கணவருக்கு வியாபாரத்தில் ஏறிய கடனை அவளிடம் மட்டும் ஜெபக்குறிப்பாகச் சொல்லி அழுதேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். மூன்றாவது ஞாயிறு, ஆராதனை முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு அக்கா வந்து, "வீட்டை விக்கப் போறீங்களாமே?" என்றார். சுருட்டின பாய் கையை விட்டு நழுவி மறுபடியும் விரிந்துவிட்டது. தோழியிடம் கேட்டதற்கு, "ஜெபிக்கத்தானே சொன்னேன்" என்றாள்.

அன்று இரவு 55ஆம் சங்கீதத்தை எடுத்தேன். நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்துக்கொள்வேன் என்கிறார் தாவீது. பகைஞன் என்றால் ஒளிந்துகொள்வேன் என்கிறார். அப்புறம் சட்டென்று அவன் முகத்துக்கு நேரே திரும்பி, "என் தோழனுமாகிய நீயே அவன்" என்கிறார். அடுத்த வசனம்: "நாம் ஒருமித்து, இன்பமான ஆலோசனைபண்ணி, கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்." அந்தப் 'போனோம்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் வெகுநேரம் வாசிக்க முடியவில்லை. நானும் அவளும் ஒரே ஆட்டோவில்தான் போவோம்.

அதற்கு அடுத்த வசனத்தில், மரணம் அவர்களைப் பிடிக்கட்டும் என்றே தாவீது கேட்கிறார். பிரசங்கத்தில் அதை நாம் மெதுவாகத் தாண்டிவிடுகிறோம். ஆனால் அதுவும் தேவனிடம் சொன்ன ஜெபம்தான். அவர் அதைத் தள்ளவில்லை.

இந்தச் சங்கீதம் அகித்தோப்பேலை நினைத்துப் பாடியது என்று சொல்பவர்கள் உண்டு. சங்கீதத்தில் அவன் பெயர் இல்லை. ஆனால் 2 சாமுவேல் 15ஐ வாசித்துப் பாருங்கள். தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி, கீதரோன் ஆற்றைக் கடந்து, தலையை மூடி, வெறுங்காலால் அழுதுகொண்டே ஒலிவமலை ஏறுகிறார் தாவீது ராஜா. தன் ஆலோசனைக்காரன் அகித்தோப்பேலும் எதிரியோடு சேர்ந்துவிட்டான் என்ற செய்தி அங்கேதான் வருகிறது. அதே மலை உச்சியில் கிழிந்த வஸ்திரத்தோடு அவருடைய சிநேகிதன் ஊசாய் வந்து நிற்கிறான். எல்லாரும் போய்விடவில்லை.

இயேசுவும் அதே கீதரோனைத்தான் கடந்து போனார். அதற்கு முன் பந்தியில், அப்பம் புசித்தவனே என்மேல் குதிகாலைத் தூக்கினான் என்ற 41ஆம் சங்கீத வசனத்தை யூதாஸுக்குப் பொருத்திச் சொன்னார். தாவீது பாடியதில் "நான் நம்பினவனும்" என்று இருக்கிறது. யோவான் 13:18இல் அந்தச் சொற்கள் இல்லை. அவனை அப்பம் புசிக்கிறவன் என்று மட்டும்தான் சொல்கிறது. யார் காட்டிக்கொடுப்பான் என்று ஆதிமுதல் அறிந்தவர் அவர். அறிந்தும் அவன் கால்களைக் கழுவினார், துணிக்கையைத் தோய்த்துக் கொடுத்தார். இருந்தும் 21ஆம் வசனம், அவர் "ஆவியிலே கலங்கி" என்கிறது. முன்பே தெரிந்தவருக்கே கலக்கம் என்றால், ஒன்றும் தெரியாமல் அடிபட்டவளைப் பார்த்து, இன்னும் ஏன் அழுகிறாய் என்று கேட்கலாமா?

மன்னிக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. தினமும் அதற்காக ஜெபிக்கிறேன், சில நாள் பாதியிலேயே நின்றுவிடுகிறது. போன ஞாயிறு திருவிருந்து வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்றாள். நானும் "ஸ்தோத்திரம்" என்றேன். வீட்டுக்கு வேறு ஆட்டோவில் வந்தேன்.